ஆமென் சொல்ல மாட்டேன்!

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் பெயரை உரக்க வாசித்தார்கள்.

பயப்படாதீர்கள், நல்ல விஷயத்துக்குத்தான். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண நாள் வந்தால் ஒரு கவரில் காணிக்கை வைத்து, மேலே பெயரை எழுதி, காணிக்கைப் பையில் போட்டுவிட வேண்டும். ஆராதனை முடிவதற்குள் போதகர் அதை எடுத்து வாசிப்பார். "மனுவேல், எஸ்தர் குடும்பத்தாரைப் பத்து வருஷம் கிருபையாய்க் காத்து வந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்த நான், யாரோ எவரோ என்பதுபோல் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

பத்து வருஷம்! நினைத்தால் எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் ரோஸ்லின் பிடித்துக்கொண்டாள். எங்கள் சபைப் பெண். அடுத்த மாதம் கல்யாணம். கல்யாண அறிவிப்பு இரண்டு வாரம் வாசித்தாகிவிட்டது, இன்னும் ஒரு வாரம் பாக்கி. முகத்தில் பாதி சந்தோஷம், பாதி கிலி.

"ஆன்ட்டி, உங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லியா? இன்னா ரகசியம், சொல்லுங்களேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பிரசங்கம் செய்கிற தோரணையில்:

"ஒண்ணும் ரகசியம் இல்லம்மா. குடும்ப ஜெபம். ஒரு நாள் கூட உட்டதில்ல."

அந்தப் பெண் பக்தியோடு தலையாட்டிற்று. எனக்குப் புரையேறிவிட்டது. வாயில் ஒன்றுமே இல்லாமல் புரையேறுமா என்று கேட்காதீர்கள். ஏறும்.

ஏனென்றால், அவர் சொன்னதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை. ஒரு நாள்கூட விட்டதில்லைதான். ஆனால் அந்த ஜெபத்தில் என்ன நடந்தது... அதை அல்லவா சொல்ல வேண்டும்? அவர் சொல்ல மாட்டார். மானம் போய்விடும். எனக்கென்ன, வாரா வாரம் உங்களிடம் என் மானத்தை நானே கொடுத்துக்கொண்டிருக்கிறவள். சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து வீடு, அதில் மூன்றாவது எங்களுடையது. ஐந்து வீட்டுக்கும் ஒரே ஓட்டுக் கூரை. நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம் எழும்பி நின்றுவிடும். அந்த வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் "நூறு" சொல்வார்கள். அப்படி ஒரு கட்டடம்.

வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. காலை ஷிஃப்ட். சைக்கிளில் போய், நாலரை மணிக்குச் சட்டை முழுக்க கிரீஸோடு திரும்புவார். நான்? கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸாகப் பயிற்சி முடித்தவள். அந்த சர்டிபிகேட், ட்ரங்க் பெட்டியில் கல்யாணப் புடவைக்கும் அடியில் கிடந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டது என்னவோ உண்மை. அதைக் கேளுங்கள்: பாரத்தை நிரப்பியதே அவர்தான்! அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "போட்டு வெய்யி, கெடைச்சா பாக்கலாம்" என்றார். கிடைக்காது என்ற தைரியம்.

கிடைத்துவிட்டது. ஒரு புதன்கிழமை தபாலில் ஆர்டர் வந்தது. பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். தங்குவதற்கு ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் உண்டு. பதினைந்து நாளில் வேலையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து.

நான் அதை ஏழு தடவை படித்தேன். அவர் ஒரே தடவை படித்தார்.

"பொதட்டூர்பேட்டையா? இன்னா வெளாட்டா? இங்கேர்ந்து மெட்ராஸு, மெட்ராஸ்லேர்ந்து திருத்தணி, அப்பால பஸ்ஸு... யாரு போய்க்கினு வந்துகினு கீறது?"

"தெனம் வரவேணாம். அங்கயே தங்கிக்கலாம். ரூம் குடுக்கறாங்க."

"அப்ப நானு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லியிருக்கலாம். யார் யோசித்தது? "நீங்க இன்னா கைக்கொழந்தையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். வியாழன் முழுக்கச் சண்டை. அவர் என்னைப் பிடிவாதக்காரி என்றார். நான் அவரைச் சுயநலக்காரர் என்றேன். அவர் என் தாய்வீட்டை இழுத்தார். நான் அவர் அக்காவை இழுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பேச்சு நின்றுபோயிற்று. பாத்திரங்கள் மட்டும் பேசின. நான் டம்ளரை வைக்கிற வேகத்தில் அவருக்குச் செய்தி போகும். அவர் கதவைச் சாத்துகிற சத்தத்தில் எனக்குப் பதில் வரும்.

மற்ற வீடுகளில் இந்தக் கட்டத்தில் என்ன செய்வார்கள்? ஆளுக்கு ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுக்குத்தான் குடும்ப ஜெபம் இருக்கிறதே!

என் மாமனார் கடம்பத்தூர்ப் பக்கத்துச் சபைகளில், போதகருக்கு அடுத்தபடியான உபதேசியாராக இருந்தவர். அவர் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு. மகன் அதை அப்படியே கொண்டு வந்துவிட்டார். விளக்கு வைத்ததும் பாய் விரித்து முழங்கால் போட வேண்டும். முதலில் புருஷன் ஜெபிப்பான், பிறகு பெண்சாதி. ஒருவர் "ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே" என்று முடித்ததும், மற்றவர் "ஆமென்" சொல்ல வேண்டும். தன் ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்லிக்கொள்ளக் கூடாது. மற்றவர் ஆமென் சொல்லாதவரை பாயைவிட்டு எழுந்திருக்கவும் கூடாது.

சமாதான காலத்தில் அழகான சட்டம்தான். யுத்த காலத்தில்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழங்கால் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு அவர் ஆரம்பித்தார். பகலில் கிரீஸ் கையோடு "இன்னாயா, அந்த ஸ்பேனர எடு" என்று பேசுகிற மனுஷன், முழங்கால் போட்டதும் உபதேசியார் மகனாகிவிடுவார். சுத்தமான சர்ச் தமிழ்.

"பரலோகத் தகப்பனே! இந்த வீட்டின்மேல் தேவரீர் கண்ணோக்கமாயிரும். கீழ்ப்படிதல் என்னும் கிருபையைச் சிலருக்குத் தந்தருளும். மேட்டிமையான சிந்தையைச் சிலரைவிட்டு அகற்றும். அந்தச் சிலர் யாரென்று தேவரீர் அறிவீர், சுவாமி..."

எனக்கா தெரியாது? பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன். இப்போது என் முறை.

"இரக்கமுள்ள ஆண்டவரே! நீர் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்து வைக்கச் சொல்லுகிறவர்களை மன்னியும். முற்பிதாக்களில் பெரியவரே தம்முடைய மனைவியின் சொல்லைக் கேட்டாரே, கேள் என்று நீரே அவருக்குச் சொன்னீரே... அதையெல்லாம் சிறுவயது முதல் வாசித்திருந்தும் அறியாதவர்போல் நடக்கிறவர்களுக்கு ஞாபகசக்தியைத் தந்தருளும்."

பக்கத்தில் மூச்சு பலமாக வந்தது. அப்புறம் ஓர் ஆமென். சுவரில் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

சிரிக்காதீர்கள். இப்படியே ஒன்பது நாள் நடந்தது. பகல் முழுக்க வசனம் தேடுவோம். நான் அரிசி களையும்போது தேடுவேன். அவர் டிஃபன் கேரியரைத் திறக்கும்போது தேடுவார் போலிருக்கிறது. அவர் ஒரு நாள், "வீட்டைவிட்டு வெளியே அலைகிற கால்களை"ப் பற்றி ஜெபித்தார். மறுநாள் நான், "தானும் பிரவேசிக்காமல் பிரவேசிக்கிறவர்களையும் தடுக்கிறவர்களை"ப் பற்றி ஜெபித்தேன். என் வாழ்நாளில் அந்த ஒன்பது நாள் வேதத்தை வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. எதற்கு? அத்தனையும் அவர் தலையில் போடுவதற்கு!

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஆர்டர் காலாவதியாக நாலே நாள் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஞாயிறு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மனதில் ஒருவர்மேல் பகையை வைத்துக்கொண்டு திருவிருந்துக்குப் போகக் கூடாது. போய்ச் சமாதானம் பண்ணிக்கொண்டு வா, பிறகு கையை நீட்டு. அதுதான் முறை. சின்னச் சபை எங்களுடையது. தரையில் பாய் விரித்து அப்பக்கம் ஆண்கள், இப்பக்கம் பெண்கள். எல்லோரும் எழுந்து போகும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், அது தண்டோரா போட்ட மாதிரி.

நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். நான் நிமிர்ந்து எழுந்து போவேன். அவர் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார். தப்பு யார்பேரில் என்று சபைக்கே தெரிந்துவிடும். நல்ல திட்டம்தானே?

பெண்கள் வரிசை எழுந்தது. எனக்கு முன்னால் இருந்தவள் எழுந்தாள், பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். என் கால் எழவில்லை. என்ன செய்தும் எழவில்லை. ஒன்பது நாள் நான் செய்ததெல்லாம் ஜெபமே இல்லை என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டே மெதுவாக ஆண்கள் பக்கம் பார்த்தேன்.

காலியான பாயில் அவரும் தனியாக உட்கார்ந்திருந்தார். உபதேசியார் மகன். பாய்க் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மொத்தச் சபையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு வீடு வரைக்கும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பத்தடி பின்னால். அப்போதாவது அழுது தீர்த்துவிட்டுச் சமாதானமாகியிருக்க வேண்டாமா? இல்லையே! அவமானம் இருக்கிறதே, அது சில சமயம் ஆளை இளக்கும், சில சமயம் இறுக்கிவிடும். சாயங்காலம் முழங்கால் போட்டபோது இரண்டு பேரும் இறுகித்தான் இருந்தோம்.

அவர் சுருக்கமாக ஜெபித்தார். "தகப்பனே, இந்த வேலை உம்முடைய சித்தம் அல்ல என்பதை அவளுக்கு உணர்த்தும். ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே."

நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

நான் ஆமென் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? ஆமென் என்றால் "அப்படியே ஆகட்டும்" என்று அர்த்தம். வேலைக்குப் போகாதே என்பதற்கு நானே கையெழுத்துப் போடவா? மாட்டேன். அவரோ எழுந்திருக்க மாட்டார். சட்டம்! நானும் எழுந்திருக்க முடியாது. என் மூளையும் அதே சட்டத்தில் ஊறிப்போய்விட்டிருந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. முழங்கால் மரத்துப்போகிறது. கொசு கடிக்கிறது. கண்ணைத் திறந்தால் தோற்ற மாதிரி. இரண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரே பாயில், அரையடி இடைவெளியில், சிலை மாதிரி...

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

அப்போது சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது:

"ஆமெ...ன்!"

கன்னியம்மா! பக்கத்து வீட்டுக்காரி. பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். அவள் புருஷனுக்கு எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியிலேயே வாட்ச்மேன் வேலை. அவளுக்கும் எங்கள் சாமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நாங்கள் ஜெபம் பண்ணும்போது ரேடியோ வைக்க மாட்டாள். மரியாதை. எங்கள் இரண்டாவது ஆமென் கேட்டதும்தான் அங்கே பாட்டு ஆரம்பிக்கும்.

"நர்சம்மா! நானே சொல்ட்டேன், எந்திரிங்க! ஒங்க கொழம்பு தீயுது, எனுக்குப் பாட்டு போவுது! இன்னாத்துக்கு சாமியயும் குந்த வெச்சிகினு, நீங்களும் குந்திகினு? பாவம், அவுருக்கு வேற வேலை கெடையாதா?"

முதலில் யார் சிரித்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு. நான்தான் என்று அவர் சொல்வார். பொய். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். பாயிலேயே மடங்கி விழுந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்துவிட்டு, அடிப்பிடித்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம்.

சிரித்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா? அதெல்லாம் கதையில். சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆர்டர் அலமாரியில் அப்படியேதான் இருந்தது. இன்னும் நாலு நாள்.

மறுநாள் காலையில் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா குடத்தோடு வந்தாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. பத்து நாளா ஒங்க சண்டை எனுக்கு மனப்பாடம். அண்ணன் இன்னா சொல்றாரு, நீ இன்னா சொல்றே, எல்லாம் தெரியும். ஒண்ணு மட்டும் புரியல. ரெண்டு பேரும் சாமிகிட்ட அவரப் பத்தி நீயும், உன்னப் பத்தி அவரும் சொல்றீங்க. உன்னப் பத்தி நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றியே? உனுக்கு நெஜமா போவணுமா, இல்ல அவுரு போவாதேன்னதுக்காவ போறேன்றியா?"

நான் பம்பை அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"எங்க நைனா ஏரிக்கு வலை எடுத்துகினு போனா ரெண்டு நாள், மூணு நாள் கழிச்சிதான் வருவாரு. ஊடு இன்னா ஓடியா பூடுச்சி? போறது பிரச்சினை இல்ல நர்சம்மா. இன்னாத்துக்குப் போறோம்னு ஊட்ல இருக்கறவங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான்" என்றவள், குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து வருஷத்தில் எத்தனையோ கல்யாணப் பிரசங்கம் கேட்டுவிட்டேன். அந்த பம்படிப் பிரசங்கத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் பாய் விரித்தோம். வழக்கமாக முதலில் ஆரம்பிக்கிறவர், தொண்டையைக் கனைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நீ மொதல்ல பண்ணு" என்றார்.

"பரலோகத் தகப்பனே" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. தேடி வைத்திருந்த வசனம் எல்லாம் எங்கே போயிற்றோ! கடைசியில் வீட்டுப் பேச்சிலேயே சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு பயமா இருக்கு. நாலு வருஷமா ஒரு பிரசவம்கூடப் பாக்கல. கை மறந்துபோயிருக்குமோன்னு பயமா இருக்கு. ஒரு உசுரு என் கையில போயிடுமோன்னு பயம். தெரியாத ஊர்ல ஒண்டியா இருக்கவும் பயம். ஆனா எனக்குப் போகணும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். போகாம இங்கயே இருந்துட்டா, ஆயுசுக்கும் இவரைக் குத்திக் காட்டிகிட்டே இருப்பேனோன்னு... அது எல்லாத்தையும்விடப் பயமா இருக்கு."

முடிக்கிற வார்த்தையைச் சொல்லாமலே நிறுத்திவிட்டேன். அவர் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தையெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

நியாயம்தானே? அவர் கண்ணை மூடி, "ஆண்டவரே..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடியும் "ஆண்டவரே..." முடியவில்லை. என் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

"அவர்கிட்ட சொல்றதுக்கு இன்னா கீது, அவருக்குத் தெரியும். உங்கிட்டயே சொல்றேன். சோறு ஆக்கறதுக்கு ஆள் இல்லன்னு நான் சொல்லல எஸ்தரு. நீ அங்க போய்ட்டா... நான் இல்லாமயே இருந்துட முடியும்னு உனக்குத் தெரிஞ்சி பூடும். அதான்."

கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுயநலக்காரர் என்று பத்து நாளாக நான் ஆண்டவரிடம் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன், உள்ளுக்குள் இப்படி நடுங்கிக்கொண்டா இருந்தார்?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் ஜெபப் பாயில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல முடியுமா? ஒன்பது நாள் செய்த அநியாயம் போதாதா?

"முடியுமா, முடியாதான்னு எனக்கே தெரியாது. போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றேன்.

அவர் பாயின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார்.

"சரி. போய்ப் பாரு."

எத்தனை கஷ்டப்பட்டு அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் நான் மனசாரச் சொன்னேன், ஆமென்.

புதன்கிழமை அவர் லீவு போட்டார். ட்ரங்க் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். கன்னியம்மா வழிக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். மெட்ராஸ் தாண்டும்போதே வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். பழவேற்காட்டுக் கருவாடு! குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்ததுதான். "லூசா கீது" என்றார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்தார், புதுத் தாழ்ப்பாள் எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார்! அதை இறுக்கி முறுக்கிவிட்டு, மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

கைக்கு வேலை மறக்கவில்லை. முதல் வாரமே ஒரு நெசவாளர் வீட்டில் பிரசவம். பெண் குழந்தை, ஏழு பவுண்டு.

பிரசவத்துக்கு ஞாயிறு, திங்கள் தெரியாதே. நான் லீவு எடுத்து வீட்டுக்கு வர முடியாது. அதனால் அவர் வர ஆரம்பித்தார். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்த கையோடு ரயில், இன்னொரு ரயில், அப்புறம் பஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்புவார். கும்மிடிப்பூண்டிப் பக்கமே எனக்கு மாற்றல் கிடைக்கிற வரை மூன்று வருஷம் இப்படித்தான்! மழை, ரயில் லேட், பஸ் ஸ்ட்ரைக், எதையும் பார்த்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் முதல் வெள்ளி வரை அவரவர் வீட்டில் அவரவர் ஜெபம். ஆமென் சொல்ல ஆள் இல்லாமல்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. ஜெபம் எங்கள் சண்டையைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை. நாங்கள்தான் அதையே ஆயுதமாக்கிவிட்டோமே! ஆனால் பேச்சு நின்ற பிறகும் தினம் இரண்டு பேரையும் இழுத்து வந்து ஒரே பாயில் முழங்கால் போட வைத்தது அதுதான். கோபத்தில் கத்தினோம், குத்தினோம், குழம்பைத் தீய்த்தோம்... ஆனாலும் ஒரே பாய். பத்து நாள் கழித்து உண்மை வாய்க்கு வந்தபோது, கேட்பதற்கு ஆள் அரையடி தூரத்தில் இருந்தார். வேறு வேறு மூலையில் படுத்திருந்தால் அந்த உண்மையை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? அன்பு எப்போதும் கொழுந்துவிட்டு எரியாது. அணைந்த மாதிரி இருக்கிற நாளிலும் அடுப்பை விட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க ஒரு பழக்கம் வேண்டும். எங்களுக்கு அதைக் கொடுத்தது எங்கள் விசுவாசம். உங்களுக்கு எது கொடுக்கிறதோ, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம், பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அதுவரை கேட்காததை அப்போது கேட்டார். என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த வெற்றிலைக் கடையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னா... போய்ப் பாத்தியே. நான் இல்லாம முடியுதா?"

ஏமாற்ற மனசு வரவில்லை.

"முடியுதுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். எதிர்பார்த்திருந்தவர் மாதிரித்தான் ஆட்டினார். ஆனால் முகம் வாடிவிட்டது.

"முடியுது. ஆனா சனிக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா ஒரு வேலையும் ஓடறதில்ல. எந்த பஸ் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்துடறேன். நேத்து நாலு தடவை வந்தேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்:

"எனக்குந்தான் முடியுது! சோறு ஆக்கறேன், ரசம் வெக்கறேன், துணி தொவச்சிக்கறேன்... எல்லாம் முடியுது எஸ்தரு. ஆனா ரொம்ப பேஜாரா கீது!"

பத்து வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன காதல் வசனம் இது ஒன்றுதான். போதும்.